தஞ்சை விமானமும் மசூரி மலையும்

ஒரத்தநாட்டு வட்டாரத்தில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையின் இருமருங்கும் வயல், தென்னந்தோப்பு, ஏரி, கரையில் வரிசையாய்ப் பனை. கண்ணுக்கு எட்டிய தொலைவில் மேடு என்பது பெரும்பாலும் ஏரிக்கரையே. கல்லணைக் கால்வாய் 1930களில் இப்பக்கம் வருமுன் வானம் பார்த்த பூமியாகவும் ஏரிப் பாசனமாகவும் இருந்த நிலம் இது. இத்தகைய சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள் மலை காணப் புறப்பட்டால் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்வர். வடக்கே செல்லும் வாய்ப்பும் வசதியும் உடையோர் டேராடூன் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் மலைப்பாதை ஏறி மசூரியை அடைவர். கன் ஹில் குன்றுக்குக் கயிற்றூர்தி, கெம்ப்டி அருவி, மால் சாலையில் கம்பளிக் கடைகள், வானம் தெளிந்திருந்தால் வடக்கே பனிச்சிகரங்களின் வரிசை. இரண்டு நாளில் கண்டு திரும்பிவிடுவர்.

மசூரிக்கு மேற்கே ஹாத்திபாவ் என்னும் பகுதியில், முகட்டின் ஓரமாக ஒரு பழைய வீடு தனித்து நிற்கிறது. ஒரு பக்கம் டூன் பள்ளத்தாக்கு. மறுபக்கம் அக்லார் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் இமயமும். நெடுங்காலம் கூரை பிய்ந்து, சுவர்களில் காதலர் பெயர்கள் கீறப்பட்டுக் கிடந்த அவ்வீட்டை அண்மை ஆண்டுகளில் உத்தரகண்ட் அரசு புதுப்பித்துள்ளது. ஜார்ஜ் எவரெஸ்ட் 1833 முதல் 1843 வரை தங்கிப் பணி செய்த வீடு அது. அவ்வீட்டிலிருந்து நடந்த பெரும்பணியின் கதையில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. வெற்றிக் கதையன்று அது. ஒரு விபத்தின் கதை. அதனாலேயோ என்னவோ தஞ்சையில் அதைப் பேசுவோர் குறைவு.

தமிழ்ப் புலவர்க்கு இமயம் புதிதன்று. வடக்கே பனிமலை, தெற்கே குமரி என்று எல்லை கூறி மன்னனை வாழ்த்துவது சங்க காலத்திலேயே வழக்காகிவிட்டது. கரிகாலன் இமயத்தில் புலி பொறித்ததையும், செங்குட்டுவன் கண்ணகிக்கு இமயத்துக் கல் கொணர்ந்ததையும் சிலப்பதிகாரம் சொல்லும். அவற்றை வரலாறாகக் கொள்வோரும் உளர். புகழ்மொழியாகக் கொள்வோரும் உளர். எப்படிக் கொண்டாலும், குமரியையும் இமயத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் தமிழுக்குப் பழையது. அவ்விரண்டிற்கும் இடையே எத்தனை காதம் என்று மட்டும் எவரும் அளந்து சொன்னதில்லை.

சொல்லில் இருந்த அவ்வழி காலால் நடந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து இராமேசுவரம் செல்வோரும், சேது மணலை எடுத்துக்கொண்டு வடக்கே திரும்புவோரும் தஞ்சைச் சீமையைக் கடந்தே சென்றனர். அவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சேதுச் சாலையில் தொடராகச் சத்திரங்களை எழுப்பினர். இரண்டாம் சரபோசி மன்னர் தம் அன்புக்குரிய முத்தம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் அமைத்த முத்தம்பாள்புரம் சத்திரம் அவற்றுள் தலையாயது. கல்லால் ஆன யானைகளும் குதிரைகளும் தேரை இழுப்பதுபோல் அமைந்த அதன் புறச்சுவரை இவ்வூரார் அறிவர். இச்சத்திரங்களில் நடந்த அறங்களை விவரித்து 1801இல் சரபோசி கும்பினி அதிகாரிக்கு எழுதிய மடல் ஒன்று உண்டு. சாதி வேற்றுமையின்றி வழிநடப்போர்க்குச் சோறு, நோயுற்றோர்க்கு மருத்துவர், பிள்ளைப்பேறு நேர்ந்த பெண்களுக்குப் பேணல், தாய் தந்தையை இழந்த குழந்தைகளுக்குக் காப்பு, மாணவர்க்குக் கல்வி என்று அதில் அவர் எடுத்துரைக்கிறார். அரசுரிமையில் பெரும்பகுதியை 1799 உடன்படிக்கையால் இழந்திருந்த மன்னர், சத்திரங்களையாவது காத்துக்கொள்ள வேண்டும் என்ற கவலையில் எழுதிய மடல் அது. அம்மன்னரே 1820ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொண்ட பரிவாரத்தோடு காசி யாத்திரை சென்று வந்தார். சரசுவதி மகாலுக்குச் சுவடிகளும் அப்பயணத்தில் சேர்ந்தன.

சரபோசியின் ஆட்சிக் காலத்திலேயே, சேதுவுக்கோ காசிக்கோ போகாத இன்னொரு பயணியும் தஞ்சைக்கு வந்தார். வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி அவர். 1799 சீரங்கப்பட்டணப் போரில் கலந்துகொண்டவர், கணக்கில் பேரார்வம் உடையவர், அதிகம் பேசாதவர். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மண்மேல் நீட்டி ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். வெயிலில் சங்கிலி நீளும். ஆகவே அதை மரப்பெட்டிகளுள் வைத்து, வெப்பமானி பார்த்துத் திருத்தம் செய்து அளந்தார். அவ்வொரு கோட்டை முடிக்கப் பல வாரங்கள் ஆயின.

அதன்பின் சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கால் பெறலாம். அப்படிப் பெற்ற பக்கத்தை அடுத்த முக்கோணத்திற்கு அடியாக வைத்துக்கொள்ளலாம். காணியும் குழியும் கோலால் அளந்து பழகிய காவிரிப் படுகைக் கணக்கனுக்கு இது விந்தையாகத் தோன்றியிருக்கும். நிலத்தில் கால் வைக்காமலே நிலத்தை அளப்பது! ஆனால் ஒன்று இன்றியமையாதது. ஒரு முனையிலிருந்து பார்த்தால் மற்ற இரு முனைகளும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மைசூரிலும் சேலத்திலும் அதற்குக் குன்றுகள் இருந்தன. தஞ்சையில் என்ன இருந்தது?

கோயில்கள் இருந்தன. பனையும் தென்னையும் பார்வையை மறைக்கும் இப்படுகையில் லாம்டனுக்குக் குன்றுகளாக உதவியவை கோபுரங்களே. கோபுர உச்சிக்குக் கருவியை ஏற்றி, அடுத்த ஊர்க் கோபுரத்தில் கொடி நாட்டி, அக்கொடியைக் குறிபார்த்துக் கோணம் எடுத்தனர். தேவாரம் பாடியோர் ஊர் ஊராகத் தொடுத்த அதே தலங்களை இவர் கோணம் கோணமாகத் தொடுத்தார் எனலாம். அவர் நெஞ்சில் அப்படி ஓர் எண்ணம் இருந்திராது.

கருவி பற்றிச் சிறிது கூற வேண்டும். தியோடலைட் எனப்படும் கோணமானி அது. இலண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்தது. அரை டன் எடை. கோணம் குறித்த அதன் வட்டத்தின் விட்டம் மூன்று அடி. அதை ஏற்றி வந்த கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டு, கருவி மொரீசியசுக்குப் போய், அறிவியலுக்குரிய பொருள் என்றறிந்த பிரெஞ்சு ஆளுநர் அதை மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தார் என்பது அத்துறையார் பெருமையோடு சொல்லிவரும் செய்தி. அதைத் தூக்கிச் சென்றவர்கள் கலாசிகள் எனப்பட்ட கூலிகள். அவர்களுடைய பெயர்கள் பொதுவாக எந்த வரலாற்றிலும் ஏறவில்லை.

1808ஆம் ஆண்டு லாம்டன் அக்கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்ற முயன்றார். இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த அவ்விமானத்தைவிட உயரமான இடம் சுற்றிலும் இல்லை. அவ்விடத்தின் பொருத்தம் இன்று எண்ணும்போது வியப்பளிக்கிறது. அக்கோயிலை எழுப்பிய இராசராசன் சோழநாடு முழுவதையும் அளப்பித்தவன். நிலம் அளந்த அதிகாரிக்கு உலகளந்தான் என்ற பட்டமும், அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்ற பெயரும் வழங்கின. வேலி, மா, காணி, முந்திரி, அதற்கும் கீழ்ப்பட்ட பின்னங்கள் வரை அளந்த நிலக்கணக்கு அக்கோயில் கல்வெட்டுகளில் இன்றும் நிற்கிறது. 1803இல் சரபோசி போன்சலே குலவரலாற்றை மராட்டியில் அதே கோயில் சுவரில் பொறித்துவைத்தார். அதற்கு ஐந்தாண்டு கழித்து அச்சுவரோரமாக அரை டன் பித்தளையும் இரும்பும் கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தன.

கப்பியில் ஏறிக்கொண்டிருந்த கருவி சுவரில் மோதாதபடி பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிச் சுவரில் பலமாக மோதியது. பெட்டிக்குள் இருந்தும் அடி முழுவதும் வட்டத்தின்மேல் விழுந்தது, வட்டம் நெளிந்தது, ஆரங்கள் வளைந்தன. ஒரு பாகையின் மூவாயிரத்து அறுநூற்றில் ஒரு பங்காகிய விகலையையும் கணக்கிடும் கருவிக்கு மயிரிழை நெளிவே போதும். இதுவோ கண்ணுக்கே தெரிந்த நெளிவு. வேறெவரும் அதைக் கழித்துக் கட்டிவிட்டு இலண்டனுக்கு எழுதியிருப்பர். புதுக்கருவி வந்துசேர ஆண்டுகள் ஆகும். அதற்குள் வேலையே நின்றுவிடக்கூடும்.

ஏனெனில் அளவைக்குச் சென்னையிலேயே பகைவர் இருந்தனர். பயணி ஒருவர் சீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா, லாம்டனின் படம் எதற்கு என்று நிதிக்குழு உறுப்பினர் ஒருவர் கேட்டாராம். கடற்கரைக்குக் கடற்கரை தீபகற்பத்தின் அகலத்தைப் பழைய படங்கள் நாற்பது மைல் மிகையாகக் காட்டியிருந்தன என்று லாம்டன் மெய்ப்பித்த பிறகே அந்த ஏளனம் ஒருவாறு அடங்கியிருந்தது.

லாம்டன் எவர்மீதும் பழி சுமத்தவில்லை. ஒரு கூடாரத்துள் புகுந்துகொண்டு, தலைமைக் கைவினைஞர் சிலரைத் தவிர எவரையும் உள்ளே விடவில்லை. மூல வட்டத்தின் சரியான அளவில் ஒரு வட்டம் வெட்டச் செய்து, நெளிந்த விளிம்பை அதற்குப் பொருந்துமாறு ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு சிறிது சிறிதாக இழுத்தார். ஆரங்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினர். ஆறு வாரத்தில் கருவி ஏறத்தாழப் பழைய வடிவுக்கு வந்தது. மரச்சுத்தி பிடித்த அக்கைகள் யாருடையவை என்ற குறிப்பு நூல்களில் காணப்படுவதில்லை. உள்ளூர்க் கருமார், கன்னார், தட்டார் எவரேனும் அதில் இருந்தனரா என்று தஞ்சையார் கேட்பதில் தவறில்லை, விடைதான் இல்லை.

செப்பனிட்ட அக்கருவியே தெற்கே குமரி வரையும் வடக்கே தக்காணம் வரையும் சென்றது. லாம்டனின் முதன்மைக் கோடு 78ஆம் பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. தஞ்சை அதற்கு ஏறக்குறைய ஒரு பாகை கிழக்கே கிளை முக்கோணத் தொடரில் அமைந்த இடம். 1818இல் இப்பணி மாபெரும் முக்கோணவியல் அளவை என்ற பெயர் பெற்றது. எவரெஸ்ட் உதவியாளராக வந்து சேர்ந்தார். 1823 சனவரி 20ஆம் நாள், முகாமிட்டு முன்னேறிக்கொண்டிருந்தபோதே, இன்றைய மகாராட்டிரத்தின் இங்கண்காட்டில் லாம்டன் இறந்தார். கல்லறையும் அங்கேதான். பரங்கிமலையில் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை உண்டு. இமயத்தை அவர் கண்டதில்லை.

இடையில் ஒரு செய்தி. கல்கத்தா ஆயர் ரெஜினால்ட் ஈபர் 1824 நவம்பரில் குமாவுன் மலையேறி அல்மோராவுக்குச் சென்று பனிச்சிகரங்களைக் கண்டார். அவரே 1826 மார்ச்சில் தஞ்சைக்கு வந்து சரபோசியைச் சந்தித்தார். லவாய்சியே, லின்னேயசு, பஃபோன் முதலியோரைப் பற்றி மன்னர் பேசக் கேட்டு வியந்தார். சில நாளில் திருச்சிராப்பள்ளியில் உயிர் நீத்தார். அவருடைய பயணக்குறிப்புகள் இறப்புக்குப் பின் நூலாயின. இமயத்து மலையூரும் தஞ்சை அரண்மனையும் ஒருவர் கையெழுத்திலேயே அடுத்தடுத்து இடம்பெற்ற அந்நூல் தஞ்சை வரலாறு எழுதுவோர் புறக்கணிக்கக் கூடாத ஒன்று.

எவரெஸ்ட் லாம்டனைப் போன்றவர் அல்லர். சினம் மிக்கவர், காய்ச்சலால் நலிந்த உடம்பினர், பிழையைப் பொறாதவர். 1825இல் இங்கிலாந்து சென்று 1830இல் இந்தியாவின் தலைமை அளவையாளராகத் திரும்பும்போது ஈன்றி பாரோ என்னும் கருவிவினைஞரையும் அழைத்து வந்தார். தஞ்சையில் அடிபட்ட கோணமானி அவர் கையில் ஏறக்குறைய மறுபிறவி எடுத்தது. பாரோவுக்குப் பின் அவ்விடத்திற்கு எவரெஸ்ட் தேர்ந்தவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன் என்பவர். சென்னையில் நுண்வேலை செய்துகொண்டிருந்து, தகுதி ஒன்றாலேயே உயர்ந்தவர். அளவைத் துறையின் வரலாற்றில் ஆர்க்காட்டின் பெயர் இவரால் நின்றது.

கங்கைச் சமவெளியில் எவரெஸ்டுக்கு லாம்டனின் அதே இடர் நேர்ந்தது: குன்று இல்லை, மரங்கள் உண்டு, புழுதி மிகுதி. ஆனால் அங்கே காவிரிக் கரையைப் போல் ஊருக்கு ஊர் வானளாவிய கோபுரங்கள் இல்லை. ஆகவே ஐம்பது அடியளவு உயரமுள்ள கல்கட்டுக் கோபுரங்களை அவரே கட்டுவித்தார். பகலில் புழுதி மறைத்ததால் இரவில் விளக்கேற்றிக் குறிபார்த்தனர். சோழர் கட்டியது வழிபாட்டுக்கு; எனினும் அளவைக்காரர் கணக்கில் பெருஞ்செலவு ஒன்றை அவர்கள் எண்ணூறு ஆண்டுக்கு முன்னரே மிச்சப்படுத்தி வைத்திருந்தனர்.

கோர்க்கர் போருக்குப் பின் கும்பினி வசமான டூன் பள்ளத்தாக்கின் மேல், 1820களில் வேட்டைக் குடிலாகத் தொடங்கிய மசூரி, எவரெஸ்ட் வந்தபோது இளம் ஊர். மன்சூர் என்னும் புதர்ச்செடியால் அப்பெயர் வந்தது என்பர். 78ஆம் பாகைக் கோடு ஏறக்குறைய அவ்வூரின் மேலேயே செல்வதால், எவரெஸ்ட் தம் இருப்பிடத்தையே கோட்டின் வட முனையில் வைத்துக்கொண்டார். மசூரிக்கு அருகில் பானோக் குன்றில் அக்கோடு முடிந்தது. குமரியிலிருந்து அது வரை சுமார் 2,400 கிலோமீட்டர். 1834-35இல் டேராடூன் பள்ளத்தாக்கில் ஏழு மைலுக்கு மேல் நீளமுள்ள அடிக்கோட்டைக் கையாலும் அளந்தனர். நானூறு மைலுக்கும் அப்பால் தெற்கே சிரோஞ்சு அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டும் பெற்றனர். இறுதியில் இரண்டிற்கும் வேறுபாடு ஏழு அங்குலம் சொச்சம். புலவர் எல்லை வாழ்த்தில் சொன்ன குமரிக்கும் பனிமலைக்கும் இடையில் அங்குலக் கணக்கு வந்துவிட்டது.

எவரெஸ்டிடம் 1831இல் கணக்கராகச் சேர்ந்தவர் இராதாநாத் சிக்தார் என்னும் வங்க இளைஞர். கணிதத்தில் அவருக்கு நிகரில்லை என்று எவரெஸ்டே எழுதினார். கணக்கைவிட அவர் நெஞ்சுரம் பெரிது. 1843இல் டேராடூனில் மாவட்ட நடுவர் வான்சிட்டார்ட்டு, அளவைத் துறைக் கூலிகளைத் தம் சுமைகளைத் தூக்க வலிந்து பிடித்தபோது, சிக்தார் அச்சுமைகளைத் தடுத்து வைத்துக்கொண்டு எழுத்தில் விளக்கம் கேட்டார். வழக்கு நடந்து அவருக்கு இருநூறு ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டம் கட்டினார், ஆனால் கூலிகளை வலிந்து பிடிக்கும் கொடுமை வெளிச்சத்துக்கு வந்தது. கருவி சுமந்தோர்க்காக அத்துறைக்குள்ளிருந்தே ஒருவர் வழக்கை ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி இது.

1843இல் எவரெஸ்ட் ஓய்வுபெற, ஆண்ட்ரூ வா அவ்விடத்துக்கு வந்தார். நேப்பாளம் வெள்ளையர்க்கு வழிவிடாததால், நூறு மைலுக்கு அப்பால் சமவெளியில் நின்றே சிகரங்களைக் குறிபார்த்தனர். பதினைந்தாம் எண்ணிட்ட சிகரமே யாவற்றினும் உயர்ந்தது என்பது 1852இல் கணக்கில் தெரிந்தது. 29,002 அடி என்று 1856இல் அறிவித்தனர். 2020இல் சீனமும் நேப்பாளமும் இணைந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். சிக்தார் ஓடிவந்து வாவின் அறைக்கதவைத் தட்டி, உலகின் உயர்ந்த மலையைக் கண்டுவிட்டேன் என்று கூறியதாக வழங்கும் கதை சுவையானது; நம்பத்தக்கதன்று. சிக்தார் அப்போது கல்கத்தாவில் இருந்தார், வா டேராடூனில். பலர் கணித்த கணக்கிற்குத் தலைமைக் கணக்கராய் இருந்தவர் சிக்தார் என்பதே அவருக்குப் போதிய பெருமை. கதவு தட்டும் கதை வேண்டியதில்லை.

சிகரத்திற்கு எவரெஸ்ட் பெயரை இட்டவர் வா. எவரெஸ்டோ 1857இல் மறுப்புக் கூறினார். தம் பெயரை அந்நாட்டு மக்கள் ஒலிக்க மாட்டார்கள், பாரசீகத்திலோ இந்தியிலோ எழுதவும் வராது என்றார். அவர் தம் பெயரை ஈவ்ரெஸ்ட் என்றே ஒலித்தவர். உலகம் இன்று தவறாகவே ஒலிக்கிறது. 1865இல் இலண்டன் புவியியல் கழகம் அப்பெயரை உறுதிசெய்தது. மலையடிவாரத்தார் வழங்கிய சோமோலுங்மா ஏட்டுக்குப் புறத்தே நின்றது. சிக்தாருக்கு நேர்ந்தது அதனினும் மோசம். 1851இல் வெளிவந்த அளவை நூலின் முன்னுரை அவர் பங்களிப்பைப் பெயர் சொல்லிப் பாராட்டியது. 1870இல் அவர் இறந்தார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அப்பாராட்டு இல்லை. பகுதிகள் மட்டும் அப்படியே இருந்தன. இறந்தவரிடம் அடித்த கொள்ளை என்று அக்காலத்து ஆங்கில இதழ் ஒன்றே கடிந்தது.

அளவையால் விளைந்த இன்னொரு பயனும் உண்டு. கொத்தனாரின் தூக்குக்குண்டு நேர் கீழே தொங்கும் என்பது உலக வழக்கு. இமயத்தருகே அது மலையின் ஈர்ப்பால் சற்றுச் சாய வேண்டும். எவரெஸ்டின் அளவுகளில் கலியானாவுக்கும் கலியான்பூருக்கும் இடையே 5.236 விகலை முரண்பட்டது. இமயத்தின் பொருண்மையைக் கணக்கிட்ட பிராட் என்னும் பாதிரியார், சாய்வு 15.885 விகலை இருந்திருக்க வேண்டும் என்றார். அவ்வளவு பெரிய மலை ஏன் அவ்வளவு குறைவாக இழுத்தது? மலையின் அடியில் எடை குறைந்த பாறை ஆழ வேரோடியிருக்கிறது என்ற விளக்கம் அக்கேள்வியிலிருந்து பிறந்தது. புவியியலின் பெரிய கொள்கை ஒன்றிற்கு வித்து அது.

மசூரி பின்னாளில் வேறு பலருக்கும் இடம் தந்தது. கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பால் 1949இல் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ தமிழுக்கு வந்தது. அதன் ஆசிரியர் இராகுல சாங்கிருத்தியாயன் 1950களில் மசூரியில் வாழ்ந்தவர். 1959 முதல் இந்திய ஆட்சிப் பணியினர் பயிற்சி பெறும் கழகமும் அங்கே உள்ளது. தஞ்சை மாவட்டத்தை ஆண்ட ஆட்சியர் பலர் அந்த முகட்டுப் பனியில் நடந்து வந்தவர்களே.

தஞ்சையில் அடிபட்ட கோணமானி இமயத்தைக் கண்டுவிட்டது. டேராடூனில் இந்திய நில அளவைத் துறையின் பாதுகாப்பில் இன்று அது ஓய்ந்திருக்கிறது. மசூரிக்கு ஏறும் பேருந்துகள் அவ்வூரிலிருந்தே புறப்படுகின்றன.